இரவல் கோல்

போன வாரம் சீனுவாசன் வீட்டில் அடித்த புயல் ஓய்ந்துவிட்டது என்று நீங்கள் நினைத்திருந்தால், உங்களுக்கு அவர் மனைவி அம்சாவைத் தெரியாது. சத்தம்தான் ஓய்ந்திருந்தது. அடுப்படியில் பாத்திரங்கள் இன்னமும் தேவைக்கு மேல் சத்தமாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தன.

அவள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மகள் இளவரசி பிளஸ் டூவில் கால் வைத்த அன்றே அம்சா வீட்டுக்கு வந்த கேபிள் இணைப்பை வெட்டச் சொல்லிவிட்டாள். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எதற்கும் குடும்பமாகப் போவது கிடையாது. சீனுவாசன் மட்டும் போய் மொய் வைத்துவிட்டு, பந்தியில் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். விருந்தாளி யாராவது வாசலில் செருப்பைக் கழற்றினால், "பாப்பா பிளஸ் டூ" என்று அம்சா சொல்கிற தினுசிலேயே அவர்கள் மறுபடி செருப்பை மாட்டிக்கொள்வார்கள். கூட்டேரிப்பட்டைச் சுற்றி எல்லா வீட்டிலும் இந்த நோன்பு உண்டு. அம்சா வீட்டில் விரதம் கொஞ்சம் கடுமை, அவ்வளவுதான்.

அந்த நோன்பின் நடுவேதான் குட்டு வெளிப்பட்டது. தீபாவளியோடு விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்த விளையாட்டை மகள் விடவே இல்லை. திண்டிவனத்துப் பள்ளியில் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் என்றது பாதி உண்மை. மதியம் வரை கிளாஸ், அதற்குமேல் மைதானம். இது அப்பாவுக்குத் தெரியும். ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலையில் இருக்கும் அண்ணன் வல்லரசுக்கும் தெரியும். சென்னையில் யாரோ ஒரு பழைய வீராங்கனையிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு கோலை வாங்கி, காய்கறி லாரி மேல் கட்டி ஊருக்கு அனுப்பியதே அவன்தான். அந்தக் கோல் சனிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு ஆட்டுக் கொட்டகை மேல் சுகமாகப் படுத்திருந்தது. அந்த வீட்டில் விஷயம் தெரியாத ஜீவன்கள், கொட்டகையில் இருந்த ஆடுகளும் அம்சாவும் மட்டுமே.

விளையாட்டின் பெயர் கோலூன்றித் தாண்டுதல். நீளமான கோலைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, ஊன்றி, எழும்பி, உயரத்தில் இருக்கும் குறுக்குக் கம்பியைத் தொடாமல் தாண்டி, அந்தப் பக்கம் மெத்தையில் விழ வேண்டும். அம்சா இதை ஒருநாளும் பார்த்ததில்லை. அவள் வைத்த பெயர், குரங்கு வேலை. கால்நடை டாக்டராகப் போகிறேன் என்று சொன்ன பெண்ணுக்குக் குரங்கு வேலை எதற்கு என்பது அவள் கேள்வி. கட் ஆஃப் மார்க்கில் அரை மார்க் குறைந்தால் எத்தனை பேர் முன்னால் போய்விடுவார்கள் என்று அவளுக்கு மனப்பாடம்.

கடைசியில் சீனுவாசன்தான் சமாதானம் பேசினார். புதன்கிழமை காலை மாவட்டம் முழுக்க ஒரே வினாத்தாளில் இயற்பியல் திருப்புதல் தேர்வு. அதே நாள் மதியம் விழுப்புரத்தில் மாவட்டப் போட்டி. தேர்வை ஒழுங்காக எழுதினால் போட்டிக்குப் போகலாம், ஆனால் நானும் கூட வருவேன் என்று அம்சா இறங்கிவந்தாள். சீனுவாசன் சாமி வரம் கொடுத்ததுபோல் பூரித்துப்போனார். அம்சாவின் கணக்கு வேறு. மூன்று மணி நேரம் பரீட்சை எழுதிக் களைத்த பெண் மதிய வெயிலில் என்ன தாண்டிவிடப் போகிறாள்? ஊர் பார்க்கத் தோற்றால் தானாக விட்டுவிடுவாள் என்று நினைத்தாள்.

இதுவரை உங்களுக்கும் எனக்கும் தெரிந்த கதை. அந்த வீட்டில் அம்சாவைத் தவிர யாருக்கும் தெரியாதது ஒன்று இருக்கிறது.

சண்டைக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆடுகளுக்குத் தழை ஒடிக்கிற தொரட்டிக் கோல் முந்தின வாரமே முறிந்துபோயிருந்தது. கொட்டகை மேல் நீளமாக, வழவழப்பாக ஒன்று கண்ணில் பட்டது. போர்வையை அவிழ்த்தாள். அது என்ன, யாருடையது என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்துதான் எடுத்தாள். வீட்டையே ஏமாற்றிய கோல் இதற்காவது உதவட்டும் என்று, அதன் முனையில் அரிவாளை வைத்துக் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டினாள். கொட்டகையின் தகர விளிம்பில் கோலைத் தாங்கக் கொடுத்து, உச்சாணி வேப்பங்கிளைகளை இழுத்து இழுத்து ஒடித்தாள். ஆடுகள் வயிறு நிறையத் தின்றன. அவள் ஆத்திரமும் கொஞ்சம் அடங்கியது.

அரிவாளை அவிழ்த்தபோது, கோலின் நடுவில் தகரம் அறுத்த வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. தொரட்டியில் விழாத கீறலா என்று போர்வையைச் சுற்றி, இருந்த இடத்திலேயே கிடத்திவிட்டாள். ராத்திரி சாப்பாட்டுக்குள் மறந்தும் போனாள்.

புதன்கிழமை காலையில் அம்மாவும் மகளும் திண்டிவனம் பஸ் ஏறிவிட்டார்கள். அவர்கள் போன பிறகு உடற்கல்வி ஆசிரியை கலைப்பிரியா மற்ற பிள்ளைகளோடு சின்ன யானை என்கிற குட்டி லோடு வண்டியில் வந்து, கூட்டுரோட்டில் நின்று கோலை ஏற்றிக்கொண்டு விழுப்புரம் போனார். போர்வையைப் பிரிக்காமலே சீனுவாசன் அதைக் கைமாற்றிக் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர் அனுப்புகிறவர்போல் கூடவே கொஞ்ச தூரம் நடந்தும் போனாராம்.

பள்ளிக்கு எதிரே டீக்கடை நிழலில் அம்சா காத்திருந்தாள். அவளைப்போல் இன்னும் சில அம்மாக்கள். எல்லார் மடியிலும் ஒரு டிபன் பாக்ஸ், எல்லார் கண்ணும் கேட்டின் மேல். மணி அடித்து வெளியே வந்த இளவரசியின் விரல்களில் மை. எப்படி எழுதினாய் என்று கேட்டதற்கு, டிரான்ஸ்பார்மர் கேள்வி வந்தது, படம் போட்டு முழுதாக எழுதிவிட்டேன் என்றாள். அம்சாவுக்குத் திருப்தி. டிரான்ஸ்பார்மர் அவளுக்கும் தெரிந்த சங்கதிதான். அவர்கள் கரும்புக் கொல்லை ஓரத்தில் ஒன்று நிற்கிறது, கோடை வந்தால் வெடிக்கிறது.

விழுப்புரம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஓடுகிற பஸ்ஸிலேயே இளவரசி புளிசோற்றைத் தின்று முடித்தாள். கை கழுவித் துடைத்த மறு நிமிஷம் வேதியியல் புத்தகம் மடியில் விரிந்தது. வெள்ளிக்கிழமை அடுத்த தேர்வு. உதடுகள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தன. கைகள் மட்டும் வேறு வேலை செய்தன. வலது கை இல்லாத ஒன்றை மேலே பிடித்தது, இடது கை கீழே பிடித்தது, இரண்டும் சேர்ந்து எதையோ தூக்கி ஊன்றின, பிறகு பக்கத்தைப் புரட்டின. வாய் ஒரு பாடம் படிக்கிறது, கை ஒரு பாடம் படிக்கிறது. இப்படி ஒரு ஜென்மத்தை அம்சா பார்த்ததில்லை.

அது என்ன கையை ஆட்டிக்கொண்டு என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அந்த விளையாட்டைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. இளவரசிக்கு நம்ப முடியவில்லை. அம்மாவின் முகத்தில் கேலி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தாள். இல்லை என்றதும் மடை திறந்துவிட்டது. ஓடிவருகிற வேகம் எல்லாம் கோலுக்குள் போகுமாம். கோல் வில்லாக வளையுமாம். வளைந்த கோல் நிமிரும்போது, வாங்கின வேகத்தைத் திருப்பிக் கொடுத்து ஆளை மேலே எறியுமாம்.

"காலையில நான் எழுதினதும் இதும் ஒரே பாடந்தாம்மா. அங்க பேப்பர்ல எழுதறேன், இங்க ஒடம்பால எழுதறேன். நீ ரெண்டும் வேறன்னு நெனச்சிக்கினு இருக்க."

"அம்மாம் வளைஞ்சா ஒடியாதா?"

"ஒடியாது. கீறல் மட்டும் வுழக்கூடாது. சின்னதா ஒரு கீறல் இருந்தா போதும், வளையறப்போ அங்கதான் ரெண்டாப் பொளக்கும். போன வருஷம் வேற மாவட்டத்துப் பொண்ணு ஒருத்திக்கு அப்பிடித்தான், மேல போறப்பவே ஒடஞ்சிடுச்சி. இன்னும் அவளுக்குக் கை சரியா தூக்க வரலை. அதுக்குத்தான் நான் போர்வை சுத்தி வெக்கிறது."

சொல்லிவிட்டு இளவரசி சாதாரணமாகப் புத்தகத்துக்குத் திரும்பினாள்.

தகர விளிம்பு, வெள்ளைக் கோடு, எச்சில் தொட்டுத் தேய்த்த விரல், எல்லாம் அம்சாவின் கண்முன் ஒன்றாக வந்து நின்றன. பஸ் கூட்டேரிப்பட்டில் நின்று ஆள் இறக்கிவிட்டுக் கிளம்பியது. தன் ஊர் வந்ததும் போனதும் அவளுக்குத் தெரியவில்லை.

சொல்லாமல் இருக்க முடியாது. அதில் அவளுக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் இல்லை. எதைச் சொல்வது என்பதில்தான் மனசு வழுக்கியது. லாரியில் கட்டி வந்தபோது பட்டிருக்கும் என்றால் முடிந்தது. பழி வல்லரசு தலையில் போய்விடும், அவன் தாங்குவான். உண்மையைச் சொன்னால்? விளையாட்டை நிறுத்தவென்றே அம்மா கோலைக் கெடுத்துவிட்டாள் என்றுதான் இந்தப் பெண் நினைப்பாள். ஊரே அப்படித்தான் நினைக்கும். ஊரை விடுங்கள். அப்படி இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்ல அம்சாவாலேயே முடியாது.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகளுக்குப் பின்னால் பஸ் நின்றது. காற்று நின்றதும் உள்ளே புழுக்கம் ஏறியது.

"இளா, அந்தக் கோலை நீ தொடாத."

"இன்னாது?"

"ஞாயித்துக்கெழம அதுல அருவாளைக் கட்டி ஆட்டுக்குத் தழை ஒடிச்சேன். தகரத்துல பட்டு நடுவுல கீறிடுச்சி. நான்தான் பண்ணேன்."

அழுவாள், கத்துவாள், பஸ்ஸில் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அம்சா எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தாள். இளவரசி புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தாள். ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். விழுப்புரம் வரும்வரை அவள் முதுகுதான் அம்சாவுக்குத் தெரிந்தது. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

மைதானத்தில் கலைப்பிரியா போர்வையைப் பிரித்தார். இளவரசி சொன்னதைக் கேட்டுக்கொண்டே கோலின் நடுவில் நகத்தை ஓட்டினார். நகம் ஓரிடத்தில் மாட்டி நின்றது. அவ்வளவுதான், கோலைச் சுவர் ஓரமாகக் கொண்டுபோய்ப் போட்டார். அம்சாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்டிருக்கலாம் என்று அம்சாவுக்கு இருந்தது.

அங்கே இருந்தவற்றில் பெரும்பாலானவை பையன்கள் ஆடும் கோல்கள். இளவரசி எடைக்கு ஓரளவு ஒத்துவரக்கூடியது ஒன்றே ஒன்று. அது வளவனூர்ப் பெண் கலையரசியுடையது. போன வருஷம் இளவரசியிடம் ஒரு சாண் உயரத்தில் தோற்றவள். சொந்தக் கோலை அடுத்தவர் தொட வேண்டுமென்றால் சொந்தக்காரர் சம்மதம் வேண்டும், அது விளையாட்டின் சட்டம் என்றார் நடுவர். இளவரசி தலையைக் குனிந்துகொண்டாள். தான் தோற்கடித்தவளிடமே போய்க் கையேந்த அவளால் முடியாது. நான் கேட்டுப் பார்க்கிறேன் என்று கலைப்பிரியா கிளம்பினார்.

"நீங்க இருங்க டீச்சர். நான்தான கெடுத்தேன், நானே கேக்கறேன்" என்று அம்சா நடந்தாள்.

மைதானத்து ஓரத்தில் வரிசையாகத் தூங்குமூஞ்சி மரங்கள். அந்த நிழலைப் பார்த்ததும் அம்சாவின் கால் தானாக மெதுவானது. அங்கே பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். காலில் ஆணி வைத்த ஷூ, நெஞ்சில் எண் குத்திய பனியன், மடியில் புத்தகம். ஒருத்தி குண்டெறிகிற கையில் சுண்ணாம்புப் பவுடரோடு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒருத்தி கால்களை நீட்டித் தசையை இழுத்துவிட்டபடி தோழியிடம் விலங்கியல் ஒப்பித்தாள். மைக்கில் பெயர் கூப்பிட்டதும் ஒரு பெண் பேனாவைப் புத்தகத்துக்குள் செருகிவிட்டு எழுந்தாள், ஓடினாள், மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள், விட்ட வரியிலிருந்து தொடர்ந்தாள். யாரும் இவர்களைக் காவல் காக்கவில்லை. யாரும் கேபிளை வெட்டவில்லை. அம்சா தன் வீட்டில் ஊரையே எதிர்த்துக் கதவைச் சாத்திக் காத்த படிப்பு, இங்கே புழுதிக்கும் விசில் சத்தத்துக்கும் நடுவே தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. அவளுக்கு மலைப்பாக இருந்தது. இந்த உலகம் இத்தனை நாளாக இங்கேயே இருந்ததா?

கலையரசி ஓங்குதாங்கான பெண். தாவரவியல் படத்துக்குப் பென்சிலால் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா அஞ்சம்மாள், தூக்குவாளியை அணைத்தபடி. கரும்பு வெட்டுகிற கை என்று அந்தக் கையின் காய்ப்பைப் பார்த்தாலே தெரிந்தது. அம்சாவின் கொல்லையிலும் அப்படிப்பட்ட கைகள்தான் வெட்டுகின்றன. அங்கே வேலை சொல்கிறவள் அம்சா. இங்கே அவள் புழுதித் தரையில் அஞ்சம்மாளுக்கு எதிரே உட்கார்ந்தாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

அஞ்சம்மாள் முழுதும் கேட்டாள். பிறகு, "கோலு அவுளுது. அவுளயே கேளுங்க" என்றாள்.

அம்சா அந்தப் பெண்ணைப் பார்த்தாள். தன் மகள் வயசுதான்.

"கண்ணு, உன் கோலைக் கொஞ்சம் குடுக்கறியா? நீ குடுக்கலன்னாலும் நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

கலையரசி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். அவசரமாக நல்ல பெயர் வாங்குகிற பெண்ணாக அவள் இல்லை.

"அவ இல்லாம ஜெயிச்சா, அவ வரலை அதான் ஜெயிச்சேன்னு சொல்லுவாங்க" என்றாள். "எடுத்துக்கச் சொல்லுங்க. என் கோலு கொஞ்சம் முரடு, அவ சொன்னா கேக்காது. அப்பறம் ஆன்ட்டி, அந்த டிரான்ஸ்பார்மர் கேள்வியை அவ எழுதிட்டாளான்னு கேளுங்க. நான் விட்டுட்டேன்."

முரட்டுக் கோல் கலையரசி சொன்னபடியே நடந்துகொண்டது. முதல் தடவை இளவரசி ஓடிவந்து ஊன்றியபோது அது வளையவே இல்லை. வந்த வழிக்கே அவளைத் தள்ளிவிட்டது. மெத்தை விளிம்பில் இடுப்பு இடிக்க விழுந்தாள். அம்சா எழுந்து நின்றுவிட்டாள். இரண்டாவது தடவை ஊன்றாமலே நடுவில் நின்றுபோனாள், கொடுத்த நேரமும் தீர்ந்துவிட்டது. இன்னும் ஒரு தடவைதான். அதுவும் போனால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அம்சா என்ன நினைத்தாள் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். காலையில் எதற்காக வந்தாளோ அதுதான் கண்முன்னே நடந்துகொண்டிருந்தது. மகள் ஊர் பார்க்கத் தோற்றுக்கொண்டிருந்தாள். அம்சாவோ, கடவுளே தாண்டட்டும், தாண்டட்டும் என்று முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

கலையரசி எழுந்து இளவரசியிடம் போனாள். கோலில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இன்னும் கீழ புடி. பயந்துக்கினு மெதுவா வந்தா இது வளையாது. ஜல்தியா வா, இடிக்கிற மாதிரி வா."

இளவரசி தலையாட்டினாள். ஓடுபாதையின் கோடிக்குப் போய் நின்றாள். கோலின் நுனி கொஞ்சம் நடுங்கியது, பிறகு நின்றது.

ஓடினாள்.

அம்சாவுக்குத் தெரிந்த இளவரசி காலையில் எழுப்பினால் இன்னும் கொஞ்ச நேரம் என்று போர்வையை இழுப்பவள். கேப்பைக் கூழைக் கண்டால் முகம் சுளிப்பவள். ஓடிவந்தது அவள் இல்லை. அந்த முகத்தில் அம்மா இல்லை, அப்பா இல்லை, பயம் இல்லை, எதுவுமே இல்லை. கோலின் நுனி குழியில் இறங்கியது. முரட்டுக் கோல் முதன்முறையாக அவள் பேச்சைக் கேட்டது. வளைந்தது. இவ்வளவு வளையும் என்று பஸ்ஸில் கையால் காட்டியதெல்லாம் ஒன்றுமே இல்லை. ஒரு நொடி அவள் அந்த வில்லுக்குள் சுருண்டு தொங்கினாள். பிறகு வில் நிமிர்ந்தது. கால்கள் வானத்தைப் பார்க்க, தலை பூமியைப் பார்க்க, அம்சாவின் வீட்டு ஓட்டுக் கூரையைவிட உயரத்தில் அவள் மகள் தலைகீழாக நின்றாள். பிடியை விட்டாள். கோல் ஒரு பக்கம் சாய்ந்தது. கையில் ஒன்றும் இல்லாமல், எதையும் தொடாமல், அந்தப் பெண் கம்பிக்கு மேல் திரும்பினாள். அவசரமே இல்லை அவளுக்கு. மேலே அவளுக்கென்று ஒரு இடம் இருப்பதுபோல் இருந்தது. பிறகுதான் விழுந்தாள்.

கம்பி அசையவில்லை.

அம்சாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுகை என்று சொல்ல முடியாது. பயந்தாள் என்றும் சொல்ல முடியாது. கோயில் கோபுரத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது உடம்பு சின்னதாகப் போகுமே, அப்படி இருந்தது. தன் வயிற்றில் இருந்து வந்தவளைப் பார்த்துக் கைகூப்பலாம் போல இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. இதைத்தான் குரங்கு வேலை என்றாள். இதைத்தான் ஆட்டுத்தழை ஒடிக்கக் கட்டினாள்.

அதன்பின் கம்பி ஏறிக்கொண்டே போனது. மற்றவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். கடைசியில் ஒரே கோலை இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி வாங்கித் தாண்டிக்கொண்டிருந்தார்கள். மைதானமே வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றது. முடிவில் கலையரசி முதல், இளவரசி இரண்டாவது. கலையரசி கோலை வாங்கிக்கொண்டு, அந்த டிரான்ஸ்பார்மர் படத்தை எப்படிப் போட்டாய் என்று கேட்டாள். இளவரசி ஒரு குச்சியை எடுத்துப் புழுதியில் வரைந்து காட்டினாள்.

வரைந்து முடித்துவிட்டு நேராக அம்மாவிடம் வந்தாள். முழங்கையில் தோல் உரிந்து மண் ஒட்டியிருந்தது. பஸ்ஸில் கேட்காத கேள்வியை இப்போது கேட்டாள்.

"தெரிஞ்சி பண்ணியா, தெரியாம பண்ணியா?"

தெரியாமல்தான் கண்ணு என்று சொல்லியிருக்கலாம். எந்தத் தாயும் சொல்லியிருப்பாள். ஆனால் இப்போதுதான் வானத்திலிருந்து இறங்கி வந்தவளிடம் பொய் சொல்ல அம்சாவுக்கு வாய் வரவில்லை.

"உன்னுதுன்னு தெரியும். கோவத்துல எடுத்தேன். கெட்டுப்போவும்னு தெரியாது. உசுருக்கு ஆபத்துன்னு சத்தியமா தெரியாது."

இளவரசி முழங்கை மண்ணைத் தட்டிவிட்டாள். அதற்குள் கலைப்பிரியா வந்துவிட்டார். அவர் முகத்தில் சந்தோஷம் பாதி, சங்கடம் பாதி. முதல் இரண்டு பேரும் மாநிலப் போட்டிக்குப் போகிறார்கள் என்றார். அடுத்த மாதம், மதுரையில். தேதியைச் சொன்னார். அம்சாவுக்கு அந்தத் தேதி தெரியும். வீட்டுக் காலண்டரில் அவளே சிவப்பு மையால் வட்டம் போட்ட தேதி. பொதுத்தேர்வின் இயற்பியல் செய்முறைத் தேர்வு அன்றுதான்.

"கேட்டுக்கினியாம்மா?" என்றாள் இளவரசி. "நீயே சொல்லு. நான் எதுக்குப் போவட்டும்?"

காலையில் கேட்டிருந்தால் அம்சாவின் பதில் கேள்வி முடிவதற்கு முன்பே வந்திருக்கும். இப்போது அவள் மகளின் முழங்கையைப் பார்த்தாள். விரலில் ஒட்டியிருந்த பரீட்சை மையைப் பார்த்தாள்.

"ரெண்டுத்துக்கும் போ."

"ஒரே நாளும்மா. எப்பிடி?"

"அதை நீ கேக்காத. அது என் பாடு." கலைப்பிரியாவிடம் திரும்பினாள். "டீச்சர், இந்தச் செய்முறைத் தேர்வு தேதியை யாரு குறிக்கிறாங்க? ஒரு பொண்ணுக்கு மட்டும் நாளை மாத்திக் குடுக்கணும்னா யாரைப் பாக்கணும்? அதை மட்டும் சொல்லுங்க."

கலைப்பிரியா தயங்கினார். அது பள்ளியின் கையில் இல்லை, கல்வி அலுவலகத்தில் கேட்க வேண்டும், இதற்கு முன் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை, கிடைக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

"ஒரு பொண்ணுக்கு இல்ல, ரெண்டு பொண்ணுக்கு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. தூக்குவாளியோடு அஞ்சம்மாள் நின்றிருந்தாள். "எம்பொண்ணுக்கும் அதே நாளுதாங்க. நானும் வர்றேன்."

அம்சா சரி என்று தலையாட்டினாள். எங்கே சந்திப்பது, எந்தப் பஸ்ஸில் வருவது என்று இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். நாளைக்கு வேலைக்குப் போகவில்லை என்றால் மேஸ்திரி என்ன சொல்வார் என்று அஞ்சம்மாளுக்குக் கவலை. அம்சாவுக்கோ அந்த ஆபீஸ் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதுகூடத் தெரியாது.

இளவரசி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினாள். நாலு எட்டு போனவள் நின்று திரும்பினாள்.

"மொதல்ல அதைப் போய் முடிச்சிட்டு வா" என்றாள். "அப்பறமா உங்கிட்ட பேசறேன்."